நயாகரா காத்திருக்கட்டும்!

அமெரிக்கா போகிற நம் ஆட்கள் தவறாமல் செய்கிற காரியம், நயாகரா முன்னால் நீலக் கலர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவது. நானும் அதற்குத்தான் கிளம்பினேன். ஆல்பனியில் இருக்கும் மச்சான் காரை எடுத்தார். பின் சீட்டில் புளியோதரை டப்பாக்கள் சகிதம் அக்கா, அதாவது மச்சானின் சம்சாரம். இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். 34-ம் நம்பர் எக்ஸிட் என்று பலகை தெரிந்தது.

"மச்சான், இங்க திருப்புங்க."

"ஏன், பாத்ரூம் போகணுமா?"

"இல்ல, பாக்ஸிங் பார்க்கணும்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் புளியோதரை கெட்டுப் போயிருக்க வேண்டும்.

ஊர் பேர் கனஸ்டோட்டா. வெங்காயம் விளையும் சின்ன ஊர். வெங்காயம் பயிரிட்டவரின் பிள்ளை கார்மென் பசிலியோ, 1957-ல் சுகர் ரே ராபின்சனையே ஜெயித்து மிடில்வெயிட் பட்டம் வாங்கினார். அவருடைய மருமான் பில்லி பாக்கஸ் 1970-ல் வெல்டர்வெயிட் சாம்பியன். ஒரே ஊரில் இரண்டு உலக சாம்பியன்! ஊர்க்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில் முளைத்ததுதான் இங்கே இருக்கிற சர்வதேச குத்துச்சண்டை வீரர்கள் மண்டபமும் மியூசியமும்.

எனக்கு ஏன் இந்த வேலை? சொல்கிறேன். ராயபுரத்தில் எனக்கு ஒரு தாய்மாமா. துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். 1980-ல் முகமது அலி மெட்ராஸ் வந்து காட்சிப் போட்டி ஆடினாரே, அதை நேரில் பார்த்தவர். அந்தக் கதையை அவர் சொல்லாத தீபாவளி கிடையாது. அவருக்கு ஒரு தோஸ்த். அவர் ராக்கி மார்சியானோ கட்சி.

"நாற்பத்தொம்பது சண்டை, நாற்பத்தொம்பதும் ஜெயம்! அதுல 43 நாக்-அவுட். உங்காளு அஞ்சு தடவை தோத்தவன்தானே?" என்பார் தோஸ்த்.

"உங்காளு அடிச்சது பாதி கிழடுங்கடா" என்பார் மாமா.

ரெண்டு பேரும் நேருக்கு நேர் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று டீக்கடையில் ஆரம்பித்த வாய்ச்சண்டை, தோளில் கிடந்த துண்டை உதறும் அளவுக்கு முற்றியது. ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நாற்பது வருஷ சிநேகம் சார்! இரண்டு வீட்டுப் பெண்மணிகளும் திருட்டுத்தனமாகக் கொழுக்கட்டை பரிமாறிக்கொள்ள வேண்டிய நிலைமை.

"அங்க விவரமானவன் எவனாவது இருப்பான், கேட்டுட்டு வா" என்று மாமா எனக்கு உத்தரவு போட்டிருந்தார்.

உள்ளே போனால், பெரிய பெரிய வீரர்களின் முஷ்டிகளை அச்சு எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பலாக்கொட்டை மூட்டை மாதிரி. என் முஷ்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டேலி தட்டிப் பழகிய கை. உடனே பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். ரிங்! நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 1925-லிருந்து 2007 வரை உழைத்த அதே ரிங். 1971 மார்ச்சில் அலியை ஜோ ஃப்ரேசியர் பதினைந்தாவது ரவுண்டில் மல்லாக்கத் தள்ளியது இதில்தான். 1951-ல் மார்சியானோ இளைஞராக ஏறி நின்றதும் இதே ரிங்தான். ரெண்டு பேரும் மிதித்த இடம். வருஷம்தான் ஒத்துவரவில்லை.

பி.காம். படித்தவன் புத்தி, உடனே கணக்குப் போட ஆரம்பித்தது. 1955 ரூபாயையும் 1970 ரூபாயையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எங்கள் காலேஜ் வாத்தியார் காதைத் திருகுவார். இதுவும் அப்படித்தான். மார்சியானோ ஐந்தடி பத்து அங்குலம், எடை 190 பவுண்டுக்குள். அலி ஆறடி மூன்று அங்குலம், எடை 210-க்கு மேல். கை நீளத்தில் மட்டும் சுமார் பத்து அங்குலம் வித்தியாசம். எந்த வயசு அலி? 1966-ல் தொடவே முடியாத அலியா, 1974-ல் கயிற்றில் சாய்ந்து அடி வாங்கியே ஜெயித்த அலியா? இதையெல்லாம் முடிவு செய்யாமல் டீக்கடையில் துண்டை உதறி என்ன பிரயோஜனம்?

கம்ப்யூட்டரை வைத்துக்கூட ஒருவர் முயற்சி செய்திருக்கிறார். மரி வொரோனர் என்ற ரேடியோக்காரர். 1969-ல் மார்சியானோவையும் அலியையும் மயாமியில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு, கேமரா முன்னால் பொய்ச்சண்டை போட வைத்தார். ராணுவத்துக்குப் போக மாட்டேன் என்றதால் அலிக்கு அப்போது லைசென்ஸ் இல்லை. பணம் தேவைப்பட்டது. மார்சியானோ எடையைக் குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். முடிவைப் படம் தியேட்டருக்கு வரும் வரை யாருக்கும் சொல்லவில்லை. 1970 ஜனவரியில் படம் வெளியானது. பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ நாக்-அவுட் வெற்றி! அந்தக் கம்ப்யூட்டரை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று கிண்டலடித்தார் அலி. நிறவெறிக்குப் பேர் போன மாநிலம் அது. இதில் என்ன சோகம் என்றால், ஜெயித்த மார்சியானோவே அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் போய்விட்டார்.

கற்பனைச் சண்டைதானே என்று சிரிக்காதீர்கள். ஒரு தலைமுறையும் அடுத்த தலைமுறையும் நிஜமாகவே மோதியிருக்கின்றன. 1951 அக்டோபர் 26. இதே ரிங். ஒரு பக்கம் 28 வயசு மார்சியானோ. எதிரே, பன்னிரண்டு வருஷம் உலக சாம்பியனாக இருந்த ஜோ லூயிஸ். வயசு 37. இனி சண்டையே வேண்டாம் என்று ஒதுங்கியவர், எதற்குத் திரும்ப வந்தார்? இன்கம் டாக்ஸ் பாக்கி சார்! யுத்த காலத்தில் இரண்டு சண்டைகளின் வருமானத்தை ராணுவ நிவாரண நிதிகளுக்குத் தூக்கிக் கொடுத்த மனுஷன். அந்தப் பணத்தையும் அவர் வருமானத்தில் சேர்த்து வரி போட்டார்கள். வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியது பாக்கி. இப்படி ஒரு டெபிட் என்ட்ரியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

எட்டாவது ரவுண்டில் மார்சியானோ அடித்த அடியில் லூயிஸ் கயிறுகளுக்கு நடுவே வெளியே போய் விழுந்தார். ஜெயித்தவர் டிரெஸ்ஸிங் ரூமில் அழுதாராம். சின்ன வயசிலிருந்து அவருக்கு லூயிஸ்தான் ஹீரோ.

ரிங் பக்கத்திலேயே நின்று மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே ராத்திரி எட்டரை மணி. ரிங்கைக் காட்டினேன். லூயிஸ் கதையைச் சொன்னேன். வழக்கமாகக் குறுக்கே பேசுகிறவர், வாயே திறக்கவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"டேய், ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு மெட்ராஸ்ல அலிக்கு இடுப்புல சதை போட்டிருந்துச்சு. கொஞ்ச நேரத்துலயே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிச்சு. கூட்டம் கத்துது. எனக்கு மட்டும் கத்தவே வாய் வரல. அதே வருஷம் அக்டோபர்ல லாரி ஹோம்ஸ் அவரைப் போட்டு அடிச்சான்னு பேப்பர்ல வந்தப்ப, நான் பேப்பரை மடிச்சு வெச்சிட்டேன். இதை நான் தோஸ்த்துகிட்டகூட சொன்னதில்லடா."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாசலில் மச்சான் ஹார்ன் அடித்தார்.

"சரி, உங்க சண்டையில எத்தனை ரவுண்டு மாமா?" என்றேன், பேச்சை மாற்ற.

"அந்தக் காலத்துக் கணக்குப்படி பதினஞ்சுதான்! அவனும் 25 வயசு, இவனும் 25 வயசு. பதினஞ்சு ரவுண்டுன்னா அலிதான். பாயின்ட்ல." குரலில் பழைய காரம் வந்துவிட்டது. கொஞ்சம் நிறுத்தி, "ஏண்டா, தோஸ்த் நம்பர் உன்கிட்ட இருக்கா? நான் கோவத்துல அழிச்சிட்டேன்" என்றார்.