ரங்கத்துப் பயணமும் கருவேல நெற்றும்

அந்தமான் தலைநகராகிய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை இதன் பெயர் போர்ட் பிளேயர்) வடக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில், நடு அந்தமானில் இருக்கிறது ரங்கத். பெருஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டினூடே செல்கிறது. அங்கே வண்டிகள் அணிவகுத்தே போதல் வேண்டும். இடையில் நிற்றலும் படம் எடுத்தலும் கூடா. அப்பால் நடு நீரிணையை வண்டியோடு தோணியில் கடந்தோம். இரயில்வேயில் பணி புரியும் நமக்குத் தண்டவாளமே இல்லாத இப்பயணம் புதுமையாக இருந்தது.

ரங்கத் கடைத்தெருவில் வங்காளமும் இந்தியும் தமிழும் கலந்து ஒலிக்கின்றன. நம் பெரியப்பா மகனாகிய தமையனார் அங்கே தென்னையும் பாக்கும் வாழையும் வைத்து வாழ்கிறார். பிறந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். “வரும்போது நம்மூர்ச் சீமைக்கருவேல நெற்று இரண்டு பிடி கொண்டு வா, தம்பி” என்று கடிதம் எழுதியிருந்தார். அவ்வாறே ஒரு பொட்டலம் நம் பையில் இருந்தது.

மறுநாட் காலை தோட்டத்தைச் சுற்றினோம். பாக்கு மரங்களின் மேல் பச்சைப் போர்வை போர்த்தாற்போல் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த மைகானியா அது. வெயிலை மறைத்துப் பயிரை நலியச் செய்கிறது. அறுத்தெறிந்த தண்டின் கணுவும் மண்ணில் வேர்விடும். அண்ணன் அரிவாளும் கையுமாக நின்றார்.

“இவ்வளவு பாடுபடும் நீங்கள் கருவேலத்தை ஏன் கேட்டீர்கள்?” என்றோம்.

“வேலிக்கு ஆகும், விறகுக்கு ஆகும். நம் சீமையில் அதை எரித்துக் கரண்டு எடுக்கிறார்களாமே! இங்கே டீசல் கப்பலில் வந்தால்தானே விளக்கு எரிகிறது?” என்றார்.

அவர் கூறியதில் உண்மை உண்டு. இத்தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் எந்திரங்களால் ஆவதே. நம் தென் மாவட்டங்களில் கருவேல விறகை எரித்து மின்சாரம் ஆக்கும் நிலையங்களும் உண்டு. கரிமூட்டத் தொழிலோ பழையது. விறகை அடுக்கி, தழையும் மண்ணும் மூடி, காற்றைக் குறைத்துப் பல நாள் புகைய விட்டால் கரியாகும். மழை பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே கஞ்சி வார்த்தது.

ஆயினும் அம்மரம் வந்த வரலாற்றை அண்ணனுக்கு நினைவூட்டினோம். 1877 அளவில் விறகுப் பஞ்சம் தீர்க்கவென்றே அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆடுமாடுகள் நெற்றைத் தின்று விதையைப் பரப்பின. கண்மாயும் புறம்போக்கும் முள்ளாயின. கரிக்கு வெட்டுவோர் அடிக்கட்டையை விட்டுவிடுவர். அது மீண்டும் தழைக்கும். சில ஆண்டுகளில் மீண்டும் வெட்டுவர். ஆதலால் வெட்ட வெட்ட மரம் ஒழியவில்லை. 2022-ல் தமிழ்நாடு அரசு இத்தகைய அயல் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தனிக் கொள்கையே வகுக்க நேர்ந்தது. வந்துவிட்ட களையை எரிபொருள் ஆக்குதல் அறிவுடைமை. எரிபொருளுக்கென்று களையை வரவழைத்தல் அவ்வாறன்று. முன்னதில் வேரோடு களைந்து, அவ்விடத்தில் நல்ல மரம் நட்டால்தான் வேலை முடியும்.

“அப்படியானால் இந்தக் கொடிக்கு என்ன வழி?” என்றார் அண்ணன்.

அவரிடம் பசுக்கள் இரண்டு உண்டு. ஈரமிக்க கொடி கரிக்கு ஆகாது. சாண எரிவாயுக் கலத்திற்கு ஆகும். பூக்குமுன் அறுத்து, நறுக்கி, சாணத்தோடு கரைத்துக் காற்றுப் புகாத கலத்தில் இட்டால், நுண்ணுயிர்கள் அதை அழுகச் செய்து எரிவாயு தரும். எஞ்சிய கரைசல் தென்னைக்கு உரம். கொடி தீர்ந்துபோனாலும் கவலையில்லை. சாணம் ஒன்றே போதும்.

அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. ஊரிலிருந்து வரும் எதையும் வேண்டாம் என்று சொல்லும் மனம் அவருக்கு எளிதில் வருவதில்லை. மாலையில் அவரே பொட்டலத்தை வாங்கி அடுப்பில் இட்டார். நெற்றுகள் வெடித்து எரிந்தன. அந்த நெருப்பில் அண்ணியார் நமக்குத் தேநீர் வைத்துக் கொடுத்தார்.

கடல் கடந்து வாழும் அன்பர்களே, ஊருக்குப் போய் வருங்கால் ஊறுகாயும் வடகமும் நிறையக் கொண்டு வாருங்கள். விதைப் பொட்டலத்தை மட்டும் கட்டுமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.