தொலைந்துபோன ஒரு ரகரம்

‘பேச்சு’ என்ற நம் சொல்லுக்கு முன்னால் ஒரு ஸகரத்தைச் சேர்த்தால் ஆங்கிலத்தின் ‘ஸ்பீச்’ வந்துவிடுகிறது என்கிறார்கள். பரவு ‘ஸ்ப்ரெட்’ ஆனதாம், பஞ்சு ‘ஸ்பாஞ்ச்’ ஆனதாம், மெது ‘ஸ்மூத்’ ஆனதாம். இந்தப் பட்டியல் பல ஆண்டுகளாகக் கைபேசிகளில் சுற்றிவருகிறது. மேடைகளில் கைத்தட்டலும் வாங்குகிறது. சொற்பிறப்பு பார்ப்பதை வேலையாகக் கொண்டவர்கள் இதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம். இதைப் பகிர்பவரிடம் இருப்பது மொழிப்பற்று. அந்தப் பற்றுக்கு நாம் தரவேண்டிய மரியாதை, சான்றை எடுத்து முன்னால் வைப்பதுதான். நான் சொல்ல வருவது இவ்வளவே: ஒரு சொல்லின் இன்றைய உருவத்தை இன்னொரு சொல்லின் இன்றைய உருவத்தோடு வைத்துப் பார்ப்பது சொற்பிறப்பியல் ஆகாது. இரண்டையும் அவற்றின் பழைய உருவம் வரை கொண்டுபோன பிறகே உறவு பேசவேண்டும். இந்த அளவுகோல் தமிழுக்கு எதிரானது என்று அஞ்சவேண்டியதில்லை. தமிழ் ஆங்கிலத்துக்கு உண்மையில் கொடுத்த சொற்களைக் காப்பாற்றிக் கொடுப்பதும் இதுதான்.

‘ஸ்பீக்’ என்ற வினையையே எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கில ஏடுகளில் இந்த வினை ‘ஸ்ப்ரெகன்’. பகரத்தை அடுத்து ஒரு ரகரம் இருந்தது. ஜெர்மனில் இன்றும் ‘ஷ்ப்ரெஹென்’, டச்சில் ‘ஸ்ப்ரேகன்’. இனமொழிகள் அந்த ரகரத்தைக் கைவிடவில்லை. ஆங்கிலம் மட்டும் பழைய ஆங்கிலக் காலத்தின் கடைசிப் பகுதியில் அதை நழுவவிடத் தொடங்கியது. 12ஆம் நூற்றாண்டு கடப்பதற்குள் ரகரம் உள்ள வடிவம் வழக்கொழிந்தது. ஆக, ‘பேச்சு’ போல ஒலிக்கும் தன்மையே இச்சொல்லுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. பிறந்தபோது இல்லாத சாயலை வைத்துப் பிறப்பை நிறுவ முடியாது. இன்னொன்றும் உண்டு. பட்டியல் ஏன் வினையை விட்டுப் பெயரைப் பிடித்துக்கொள்கிறது? வினையோடு வினையை ஒப்பிட்டால் ‘ஸ்பீக்’ ஒரு பக்கம், ‘பேசு’ மறுபக்கம், ககரம் இடிக்கிறது. ‘ஸ்பீச்’சில் உள்ள சகரம், பழைய ககரம் முன்னுயிரின் சேர்க்கையால் திரிந்தது. ‘வேக்’ என்ற வினைக்குப் பக்கத்தில் ‘வாட்ச்’ நிற்பதும் இதே திரிபால்தான். ‘பேச்சு’க்குள் இருக்கும் ‘ச்சு’வோ வீசு வீச்சாவது போல, ஏசு ஏச்சாவது போலத் தமிழ் இலக்கணம் தன் போக்கில் ஆக்கிக்கொண்டது. இரு வேறு வழியில் வந்த இரண்டு ஒலிகள் ஓரிடத்தில் ஒத்துப்போயிருக்கின்றன, அவ்வளவே. எழுத்துக்கூட்டலும் கவனிக்கத்தக்கது. இன்று வினை, பெயர் இரண்டிலும் ‘ஈ’ என்றே ஒலிக்கிறோம். ஆனால் ஆங்கில எழுத்தில் வினைக்கு ஒரு கூட்டல், பெயருக்கு வேறொரு கூட்டல். முன்பு அந்த உயிரொலிகள் வேறாக இருந்ததன் தடம் அது.

இத்தனை சொற்கள் ஒத்திருப்பது தற்செயலாகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு மொழியிலும் ஆயிரக்கணக்கான சொற்கள் உண்டு. ஒரு மொழி பயன்படுத்தும் மெய்யொலிகளோ மிகச் சில. எந்த இரண்டு மொழிகளை எடுத்தாலும் சில பத்துச் சொற்கள் ஒத்துப்போகாமல் இருந்தால்தான் வியப்பு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்திலும் அதுவே. மொழியியலாளர் டிக்சன் பதிவு செய்த இந்தச் சொல், அந்த நிலத்தின் பழைய ‘குடக’ என்ற வடிவிலிருந்து முறையான ஒலித்திரிபுகள் வழியே வந்தது. ஆங்கிலத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விவரம் அறிந்தவர்கள் இன்னொரு மறுப்பையும் எழுப்பலாம். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் வேர்ச்சொல்லின் முன்னால் ஸகரம் வந்தும் வராமலும் இருப்பது உண்மைதானே, ஆங்கிலத்திலேயே ‘மெல்ட்’, ‘ஸ்மெல்ட்’ என்று இரண்டும் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. ஆனால் அந்த ஆட்டம் ஒரே குடும்பத்துச் சொற்களுக்குள் நடப்பது. மற்ற ஒலிகள் எல்லாம் வரிசையாகப் பொருந்திய பின்னரே ஸகரத்துக்குச் சலுகை. ‘ஸ்பாஞ்ச்’ கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தபோதே ஸகரத்தோடு வந்தது. யாரும் முன்னால் ஒட்டவில்லை.

திருச்சியில் இதைப் பேசும்போது பாவாணரை விட்டுவிட்டுப் பேசமுடியாது. ஞா. தேவநேயப் பாவாணர் 1934 முதல் 1943 வரை இங்கே பிஷப் ஹீபர் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அவருடைய ‘ஒப்பியன் மொழிநூல்’ 1940இல் வெளிவந்தது. தமிழே உலக முதன்மொழி என்று அவர் உறுதியாக நம்பினார். மேலைச் சொற்கள் பலவற்றுக்குத் தமிழ் வேர் காட்டினார். அந்த முடிவோடு நான் உடன்படவில்லை. காரணம் மேலே சொன்னதுதான், மேலைச் சொற்களின் பழைய வடிவங்கள் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் தமிழுக்குள்ளேயே சொற்களை வேர்வாரியாகக் கூட்டம் கூட்டமாக அடுக்கி, கருத்து ஒன்றிலிருந்து ஒன்றாக எப்படிக் கிளைக்கிறது என்று அவர் காட்டிய உழைப்பு வேறு வகை. அகராதி வேலை செய்பவர் யாரும் அதைத் தாண்டிப் போகமுடியாது. பாவாணரிடம் கற்கவேண்டியது அந்தப் பொறுமையை. கைபேசிப் பட்டியல் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்தப் பொறுமையைத்தான் கைவிடுகிறது. சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் பார்த்த மாத்திரத்தில் புலப்படாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்திருக்கிறார். இந்த வேலைக்கு அதைவிட நல்ல முதற்பாடம் எனக்குத் தெரியவில்லை.

இதே அளவுகோல் நமக்கு என்ன தருகிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தின் ‘ஷெரூட்’ நம் சுருட்டு. 1669 முதல் 1679 வரையான தன் வங்கக் கடற்கரை அனுபவங்களை எழுதிய தாமஸ் பௌரி, புகையிலையைச் சுருட்டிப் பிடிக்கும் வழக்கத்தைக் குறிப்பிட்டு, போர்த்துக்கீசியர் அதற்கு வழங்கும் பெயரையும் பதிந்திருக்கிறார். சொல், பொருள், கைமாறிய வழி, காலம் எல்லாம் கையில் இருக்கின்றன. சுருள் என்ற தன்வினை சுருட்டு என்ற பிறவினையாகி, அந்த வினையே செய்பொருளுக்குப் பெயரானது. பொரியலும் வற்றலும் போலத் தொழிலாகுபெயர். உறையூரில் சுருட்டிய ‘ட்ரிச்சினோபொலி’ சுருட்டு லண்டன் வரை அறிமுகமாகி, 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே அதன் சாம்பல் துப்பாக வருகிறது. ‘கரி’ என்ற ஆங்கிலச் சொல் இன்னும் நல்ல பாடம். உணவைக் குறிக்கும் பெயர் நம் கறி. டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் பயண நூலின் 1598ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே போர்த்துக்கீசிய வாடையோடு அது வந்துவிட்டது. ஆனால் அதே எழுத்துக்கூட்டலில், தோலைப் பதப்படுத்துவதையும் குதிரையைத் தேய்த்துவிடுவதையும் குறிக்கும் ‘கரி’ என்ற வினையும் ஆங்கிலத்தில் உண்டு. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, நமக்குத் தொடர்பில்லாதது. மறுபக்கம், 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் ஏட்டின் தலைப்பில் ‘கியூரி’ என்று இருப்பதைக் காட்டி, உணவுக் கறியும் தங்களுடையதே என்று சொல்லும் ஆங்கிலேயரும் உண்டு. அந்தச் சொல்லுக்குச் சமையல் என்றே பொருள். அங்கேயும் தவறு அதே தவறுதான்: கண்ணுக்கு ஒத்திருந்தால் போதும் என்ற அவசரம்.

எழுத்துக்கூட்டலை நம்பலாமா, அதுவே பொய் சொல்லுமே என்ற மறுப்பு மிச்சம் இருக்கிறது. சொல்லும். ஆங்கிலத்தில் கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் இருக்கும் ஊமைப் பகரம், லத்தீன் படித்தவர்கள் பிற்காலத்தில் செருகியது. திருச்சியின் பழைய ஆங்கிலப் பெயரான ‘ட்ரிச்சினோபொலி’யின் ‘பொலி’யைக் கண்டு கிரேக்க ‘பொலிஸ்’ என்று ஒருவர் நினைத்தால் குற்றம் சொல்லமுடியாது, அது பள்ளி. நம் பக்கமும் இதற்கு விலக்கல்ல. திரிசிரன் என்ற மூன்று தலை அசுரன் வழிபட்டதால் திருச்சிராப்பள்ளி என்ற பெயர் வந்தது என்கிறது தலபுராணம். சம்பந்தர் தேவாரத்தில் ஊர்ப்பெயர் சிராப்பள்ளி என்றே வருகிறது. மூன்றைக் குறிக்கும் ‘திரி’க்கு அங்கே இடமில்லை, முன்னால் சேர்ந்தது ‘திரு’ என்ற அடை. எழுத்து ஒரு சாட்சிதான். ஒற்றைச் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது; காலம் தெரிந்த பல சாட்சிகள் வேண்டும்.

அப்படிப்பட்ட சாட்சிகள் காவிரிக்கு அக்கரையிலேயே இருக்கின்றன. ஸ்ரீரங்கம் கோயிலில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன; தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் அவைதான். பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டு உண்டு. நிலம், நெல், பொன், விளக்கு, பூந்தோட்டம், வரி என்று அன்றாடச் சொற்கள் ஆண்டுக் கணக்கோடு கல்லில் நிற்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தபோது இலக்கிய மேற்கோள்களைக் கொடுத்தது. சொல் முதலில் பதிவான ஆண்டைக் கொடுக்கவில்லை. தமிழ் படிக்கும் மாணவர்களையும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: ‘ஸ்பீக்’கை ஆங்கிலேயரிடமே விட்டுவிடுங்கள். அந்த 24ஆம் தொகுதியை எடுத்து, ஒரு சொல்லையாவது அதன் ஆண்டோடும் அன்றைய எழுத்தோடும் குறித்து வையுங்கள்.