மின்மாற்றியின் கனம்

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்ததால் 1953-இல் மின்வேதியியல் ஆய்வு நிலையத்தைப் பெற்ற ஊர் காரைக்குடி. இங்கே பிள்ளைகளுக்கு மின்சாரத்தின்மீது ஆசை பிறப்பதில் வியப்பில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலும் தம்பி ஒருவன், ஒரு மாலைப்பொழுதில் கையில் பச்சை நிற மின்சுற்றுப் பலகையுடன் நம்மைத் தேடி வந்தான். வீட்டிலேயே ஒரு சப்வூஃபர் ஆம்ப்ளிஃபயர் செய்கிறானாம். பலகை வந்தாயிற்று, 4 ஓம் ஸ்பீக்கரும் வந்தாயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் மட்டுமே பாக்கி.

"சாமி, 24-0-24 போட்டா வீடே அதிரும்னு கடையில சொல்றாங்க. வாங்கிடவா?"

அவன் வீட்டை நாம் அறிவோம். பர்மாத் தேக்கு உத்திரங்கள் தாங்கும் பழைய வீடொன்றின் ஒரு பகுதியில் வாடகைக்கு இருக்கிறார்கள். வளவை ஒட்டிய அறையில் அவனுடைய அப்பத்தா உறங்குவார். அங்கே ஒரு தீப்பொறி விழுந்தால் என்னாகும் என்ற எண்ணமே நமக்கு முதலில் எழுந்தது.

அதற்குக் காரணமுண்டு. குருமட நாள்களில் நாடக விழாவுக்கென நாமும் ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தோம். கையில் காசு குறைவு. கிடைத்ததிலேயே மலிவான மின்மாற்றியை வாங்கினோம். இருமுறை ஃபியூஸ் எரிந்தது. மூன்றாம் முறை அந்த இடத்தில் கம்பியை வைத்து முறுக்கினோம். இரண்டாம் காட்சியில் வார்னிஷ் கருகும் நெடி எழுந்தது, பின்னர்ப் புகை, மேடைத்திரையின் ஓரத்தில் தீ. பெட்டியை வெறுங்கையால் இழுத்தெறிந்த நண்பரின் உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அவர் அதைச் சொல்லிச் சிரிப்பார்; நம்மால் சிரிக்க முடிந்ததில்லை.

எனவே தம்பியை உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். 1831-இல் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மாறும் மின்னோட்டம் மற்றொன்றில் மின்சாரத்தை எழுப்புவதைக் கண்டார். இன்றைய மின்மாற்றியும் அதே தத்துவந்தான். அதன்மீது எழுதியிருக்கும் 24 வோல்ட், டயோடுகளையும் மின்தேக்கிகளையும் கடந்து நேர்மின்சாரமாகும்போது 1.41 மடங்காகிறது. டயோடுகளில் இழப்பது போக, பக்கத்திற்கு 33 வோல்ட் கிடைக்கும். அவனது பலகையிலிருந்த டிடிஏ 7294 சிப் 40 வரை தாங்குமெனினும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதன் தயாரிப்பாளர் கூறும் 70 வாட் அளவு 27 வோல்ட்டுக்கு உரியது. 33 வோல்ட்டில் சிப் கொதிக்கும். நள்ளிரவில் வீட்டு மின்சாரம் 230-ஐத் தாண்டி ஏறினால் இதுவும் உடன் ஏறும்.

18-0-18 எனில் பக்கத்திற்கு 25 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு; ஒலி ஏறத்தாழ 50 வாட். 70-க்கும் 50-க்கும் உள்ள வேறுபாட்டைச் செவி அரிதாகவே உணரும். ஒலி இருமடங்காகக் கேட்க வேண்டுமாயின் ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். 5 ஆம்பியர் கொண்டதை எடுத்தால் 36-ஐ 5-ஆல் பெருக்க 180 விஏ. சிப் வெப்பமாகச் செலவழிப்பதையும் சேர்த்து, இடைவிடாத தாழ்சுருதிக்கு அது போதும்.

கடைக்கு உடன் சென்றோம். '18-0-18, 5 ஆம்பியர்' என்றே எழுதப்பட்ட இரண்டு மின்மாற்றிகளை எடுத்துவைத்தார்கள். ஒன்று கையைக் கீழே இழுத்தது. மற்றது இலகுவாக இருந்தது. எழுத்து ஒன்று, எடை வேறு. இரும்பையும் செம்பையும் குறைத்தாலன்றி எடை குறையாது. செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றுவோரும் உண்டு. தம்பியிடமிருந்த பணமோ இலகுவானதற்கே போதுமானது. அவன் நம் முகத்தைப் பார்த்தான். உள்ளங்கைத் தழும்பின் கதையை அப்போதுதான் அவனுக்குச் சொன்னோம். ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தான்.

ஒரு மாதம் பொறுத்துக் கனமானதையே வாங்கினான். 2 ஆம்பியர் ஃபியூஸ் இட்டு, உலோகப் பெட்டிக்கு எர்த் கொடுத்து, முதன்முறை 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுத்தோம். பல்பு பளிச்சென எரிந்து, மின்தேக்கிகள் நிறைந்ததும் மங்கியது. மங்காமல் எரிந்திருந்தால் எங்கோ பிழை என்று பொருள். பல்பை நீக்கிப் பாட்டைப் போட்டான். தேக்குத் தூண்கள் மெல்ல அதிர்ந்தன.

"நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் கொறைச்சு வையி அப்பு" என்றார் அப்பத்தா, உள்ளிருந்தே.

அவன் குறைத்தான். அதிரச் செய்யும் ஆற்றலைக் கையில் வைத்துக்கொண்டு, உறங்குகிறவருக்காகக் குறைத்துக்கொள்ளவும் அவன் கற்றிருந்தான். நம் கண்கள் மட்டும் நெடுநேரம் அந்த ஃபியூஸ் பெட்டியைவிட்டு அகலவில்லை.