மருந்துக்கு முன் ஒரு பரிசோதனை



முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளான ஒருவருக்காக மஹல்லாவில் நிதி திரட்டினால், கீமோ செலவுக்கு மனமுவந்து கொடுப்பவர்கள் மரபணுப் பரிசோதனைக்கு என்றதும் தயங்குகிறார்கள். நோய்தான் தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்குச் சோதனை என்கிறார்கள். துஆ வேண்டி மதரஸாவுக்கு வரும் குடும்பத்தாரிடமும் இதே எண்ணத்தைக் காண்கிறோம்.

எந்த நோய்க்கும் மருந்துண்டு என்றும், நோய்க்குரிய மருந்து பொருந்தும்போது அல்லாஹ்வின் நாட்டத்தால் குணம் ஏற்படுகிறது என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இதன் முற்பகுதி நம் பயான்களில் அடிக்கடி ஒலிக்கிறது. பொருத்தம் பற்றிய பிற்பகுதியை விட்டுவிடுகிறோம்.

நுரையீரல் புற்றுநோய் ஒரே நோயன்று. இந்தியாவில் இந்நோயின் அடினோகார்சினோமா வகைக்கு ஆளானோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. புகைப்பழக்கம் இல்லாதவர்களிடமும் பெண்களிடமும் இது கூடுதல். (பீடியின் வாடையே ஆகாத உம்மாவுக்கு இந்நோய் எப்படி வந்தது என்று திகைக்கும் பிள்ளைகள் இதை அறிவது நல்லது.) ஏ.எல்.கே. மாற்றம் இதைவிட அரிது. மாற்றம் இருப்பது உறுதியானால் அதையே குறிவைக்கும் கெஃபிடினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் உண்டு.

ஆனால் 'கீமோ வேண்டாம், மாத்திரையே எழுதிக் கொடுங்கள்' என்று சோதனைக்கு முன்பே மருத்துவரை வற்புறுத்துவது ஆபத்து. கிழக்காசிய நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மாற்றம் உள்ளவர்களிடம் கெஃபிடினிப் கீமோவைவிட நோயை நெடுநாள் அடக்கி வைத்தது. மாற்றம் இல்லாதவர்களிடமோ, மாத்திரை மட்டும் உண்டவர்களுக்கு நோய் விரைந்து வளர்ந்தது. ஒருவருக்கு ஷிஃபாவின் வழியாக அமைவது மற்றவருக்குக் கால விரயமாகிறது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை, மாற்றம் உள்ள 350 நோயாளிகளை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டது. கெஃபிடினிப் மட்டும் பெற்றவர்களுக்கு நோய் மீண்டும் வளரத் தொடங்கும் வரையிலான இடைநிலைக் காலம் 8 மாதம். கீமோவையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 16 மாதம். பக்கவிளைவுகளும் கூடின என்பதை மறைக்கலாகாது. இது நோயை வேரறுக்கும் கணக்கன்று. எனினும் ஒரு வாப்பாவுக்கு எட்டு மாதம் என்பது ஒரு ரமளானாகவோ, மகளின் நிக்காஹாகவோ இருக்கலாம்.

ஸகாத் பெறத் தகுதியுள்ள நோயாளி, தமக்கு வழங்கப்பட்ட பணத்தை இச்சோதனைக்குச் செலவிடத் தடையேதுமில்லை. கெஃபிடினிப் மாத்திரையை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. விலைமிகுந்த ஓசிமெர்டினிப்புக்கு 2024 ஜூலை மாத மத்திய பட்ஜெட்டில் சுங்கவரி விலக்கு அறிவிக்கப்பட்டது.

நம் மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும், புற்றுநோயாளிகள் பலரின் பயணம் இன்னும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை நோக்கியே இருக்கிறது. நாகர்கோவிலில் பயாப்சி எடுத்துவிட்டு அங்கே செல்பவர்கள், அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல், மெழுகில் பதித்து வைத்த சதைத்துணுக்கான 'பிளாக்'கையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். மரபணுச் சோதனை அதில்தான் நடக்கிறது. அது கையில் இல்லையெனில், மூச்சுத் திணறும் நோயாளிக்கு மீண்டும் ஊசி குத்த நேரிடலாம். சதை போதாதபோது இரத்தத்திலும் இம்மாற்றத்தைத் தேட இயலும். அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.