மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை

பரிக்கல், பூவரசன்குப்பம், சிங்கிரிகுடி ஆகிய மூன்று நரசிம்மத் தலங்களையும் ஒரே நாளில் தரிசிப்பது அன்பர்களின் வழக்கம். தவளக்குப்பத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவர், பால்ய நண்பர்கள் நால்வரை அதற்குப் பலமுறை அழைத்தார். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்றே நாள்கள் கடந்தன. ஒருநாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

வருடாப்திகம் முடிந்தபின் நால்வரும் புறப்பட்டனர். அவர் பூஜையறையில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காணிக்கையை, அவருடைய மனைவி கொடுத்தனுப்பினார்.

பரிக்கல்லையும், தென்பெண்ணைக் கரையிலுள்ள பூவரசன்குப்பத்தையும் தரிசித்து, மாலையில் தவளக்குப்பத்தை அடுத்த சிங்கிரிகுடியை அடைந்தனர். மேற்கு நோக்கி, 16 திருக்கரங்களுடன் உக்கிர நரசிம்மர். பட்டாச்சாரியார் பெயர், நட்சத்திரம் கேட்டார். ஒருவர் பழக்கத்தில் நண்பரின் பெயரைச் சொல்லத் தொடங்கி, நாத் தழுதழுக்க நின்றுவிட்டார். மறைந்தவர் பெயருக்கு அர்ச்சனை ஏது? பேரனின் பெயரைச் சொன்னார்கள்.

மஞ்சள் முடிப்பு உண்டியலில் சேர்ந்தது. அவருடைய காணிக்கை வந்து சேர்ந்துவிட்டது, அவர்தாம் வரவில்லை.

திரும்புகையில் ஒருவரும் ‘அடுத்த மாதம்’ என்று சொல்லவில்லை. நண்பரின் மனைவியையும் அழைத்துக்கொண்டு திருவந்திபுரம் தேவநாதனைச் சேவிக்க, வரும் சனிக்கிழமையையே குறித்தனர்.