துக்கத்தின் நகை

இங்கிலாந்தின் யோர்க்ஷயர் கரையில் விட்பி என்றொரு சிறு துறைமுகப் பட்டினம் உண்டு. அங்கே ஒரு பட்டறையில் கைவினைஞர் ஒருவர் கரிய கல்லொன்றை இழைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல் என்பது வழக்கு. உண்மையில் ‘ஜெட்’ கல்லன்று. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் புதைந்த மரம் அது. கையிலெடுத்தால் பாரமில்லை, குளிர்ச்சியுமில்லை. மெருகிடாத பீங்கானில் உரசினால் கபில நிறக் கோடு விழும். கறுப்புக் கண்ணாடியால் செய்த போலியில் விழாது. நெருப்புப் பட்டால் எரிந்துவிடும். ஆகையால் வெள்ளியை வளைத்துப் பற்றவைக்கும் வேலை முழுவதையும் முடித்த பின்னரே அதைப் பதிக்கிறார்கள்.

1861இல் கணவர் அல்பேர்ட்டை இழந்த விக்டோரியா மகாராணி, 1901இல் தாம் இறக்கும்வரை கறுப்பே உடுத்தார். அக்காலத்தில் ஜெட் துக்க நகையாக நாடெங்கும் பரவியது. அதுவும் ஒரு கட்டுப்பாடுதான். ஆனாலும் அங்கே கணவனை இழந்தவளுக்கென்று நகை செய்தார்கள். அப்பா இறந்த அன்று எங்கள் வீட்டில், அம்மாவின் கைகளில் இருந்த காப்புகளையும் கழற்றினோம்.

வெள்ளியில் பதித்த சிறு பதக்கமொன்றை வாங்கிவந்து அம்மாவிடம் கொடுத்தேன். நெடுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“சனம் பார்த்தால் என்ன சொல்லும், தம்பி?”

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அன்று அந்தக் காப்புகளை வாங்கிக்கொள்ளத் தட்டேந்தி நின்றவன் நான்தான்.