சேலைக்குப் பை இல்லை

பெங்களூரில் செயலிகள் உருவாக்கும் நிறுவனம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நடையை அளந்து காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றை எங்கள் குழு உருவாக்கிக்கொண்டிருந்தது. திரையில் தோன்றும் சொற்களை எழுதுவது என் பணி. அன்றைய இலக்கை எட்டாதவர்களுக்காக, "இன்று சோம்பலுக்கு இடம் கொடுத்துவிட்டீர்கள்!" என்று ஒரு வரி எழுதினேன். அது நயமான வரி என்றே அப்போது எனக்குத் தோன்றியது.

ஒரு செயலியை வெளியிடுமுன் பயன்பாட்டுச் சோதனை நடத்துவார்கள். சோதிக்கப்படுவது செயலிதான், அதைப் பயன்படுத்துபவர் அல்லர். 'நேற்று எவ்வளவு நடந்தீர்கள் என்று கண்டுபிடியுங்கள்' என்பது போன்ற ஒரு வேலையை அவரிடம் சொல்வோம். அவர் தம் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அதைச் செய்வார். நாம் அருகிலிருந்து குறிப்பெடுக்கலாம், உதவக் கூடாது. ஒருவர் தடுமாறும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவர். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று இத்துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். நாங்களும் ஐவரை அழைத்தோம். ஐவரும் தடையின்றிச் செய்து முடித்தனர். அவர்கள் அனைவரும் எங்களைப் போலவே காற்சட்டை அணிந்த இளைஞர்கள் என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அல்சூரில் என் அத்தை வசிக்கிறார். சர்க்கரை நோய்க்காக நாள்தோறும் நடக்கும்படி மருத்துவர் அவருக்கு அறிவுறுத்தியிருந்தார். உதவியாக இருக்குமே என்று அவருடைய கைப்பேசியில் எங்கள் செயலியைப் பதிந்து கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துச் சென்றேன். கைப்பேசி குளிர்பதனப் பெட்டியின் மேல் கிடந்தது. செயலியைத் திறந்து, தோன்றுவதையெல்லாம் சொல்லும்படி கேட்டேன்.

"இந்த வட்டம் தினமும் சிவப்பாகவே இருக்கிறது, தம்பி. சோம்பேறி என்கிறது. காலையில் ஏரிக்கரை வரை போய்வந்தேன். அது போதவில்லை போலிருக்கிறது. என்மேல்தான் தப்பு. எப்படியும் எட்டப் போவதில்லை என்று நான்கு நாளாகப் போகவில்லை."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. "நடக்கும்போது கைப்பேசி எங்கே இருக்கும், அத்தை?" என்றேன்.

"வீட்டில்தான். சேலையில் எங்கே வைப்பது? கையில் பிடித்துக்கொண்டு போனால் விழுந்துவிடாதா?"

கைப்பேசிக்குள் முடுக்கமானி என்னும் சிறு உணர்கருவி இருக்கிறது. நாம் அடியெடுத்து வைக்கும்போது கைப்பேசி சீராக அசையும். அவ்வசைவைக் கொண்டே செயலி காலடிகளை எண்ணுகிறது. குளிர்பதனப் பெட்டியின் மேல் கிடக்கும் கைப்பேசி எதை எண்ணும்? அத்தை நடந்தார், செயலி அதை அறியவில்லை. அறியாமலே அவரைச் சோம்பேறி என்றது. அந்தச் சொல்லை அதன் வாயில் வைத்தவன் நான்.

இலக்கின் கதையும் அன்றிரவு தேடியபோதுதான் தெரிந்தது. 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று 'மன்போ கெய்' என்னும் நடைமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்பெயருக்குப் 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள். 10,000 என்னும் எண் அவ்விதம் பரவியதே ஒழிய, மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. 2019இல் அமெரிக்காவில் முதிய பெண்களிடம் நடத்திய ஆய்வில், நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் காணப்படவில்லை. நாங்களோ எல்லாருக்கும் 10,000 என்றே வைத்திருந்தோம்.

மறுநாள் குழுவினரிடம் சொன்னேன். "உங்கள் அத்தை ஒருவர்தானே?" என்றார் ஒருவர். அவருடைய கைப்பேசி அப்போது சட்டைப்பையில் இருந்தது. விவாதம் இரண்டு நாள் நீண்டது. முடிவில் என் வரி நீக்கப்பட்டது. இலக்கை அவரவரே குறித்துக்கொள்ள வழி செய்தோம். கைப்பேசியின்றி நடந்த நேரத்தைப் பதிவதற்கு ஒரு பொத்தானும் வந்தது.

புதிய வடிவத்துடன் மீண்டும் அல்சூருக்குச் சென்றேன். அத்தை அன்று காலையும் ஏரிக்கரைக்குப் போய்வந்திருந்தார். பொத்தானை அழுத்தி 'முப்பது நிமிடம்' என்று பதிந்தார். பிறகு திரையை மேலும் கீழுமாக நகர்த்தி எதையோ தேடினார். நான் வாயைத் திறக்கவில்லை.

"துணி துவைத்ததற்கு எங்கே பொத்தான்?" என்றார்.

குறிப்பேட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டேன்.